தானாக ஊதும் குழலும் இரண்டு ஐசிகளும்

சற்று நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

வட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றும் படம் ஒன்று இருக்கிறது. பழைய அரபு ஏடொன்றின் ஓவியம். ஒரு படகு, அதில் அரசரும் அவரது தோழர்களும், ஒரு பக்கத்தில் வாத்தியம் ஏந்திய பொம்மைகள். அதன் கீழே "உலகின் முதல் ரோபோவைச் செய்தவர் ஒரு முஸ்லிம், அனைவருக்கும் பகிருங்கள்" என்ற வாசகம். நாமும் பார்க்கிறோம், மாஷா அல்லாஹ் போடுகிறோம், அடுத்த குழுவுக்கு அனுப்புகிறோம். அந்தப் பொம்மையின் கையை எது தூக்கியது என்று எங்கள் பாடசாலை விஞ்ஞான கழகத்தில் ஒரு பிள்ளை கேட்ட பிறகுதான் இந்தப் பதிவுக்கான வேலை தொடங்கியது.

முதலில் படத்தைப் பற்றிய உண்மைகளைச் சொல்லிவிடுவோம். அந்தப் படகைச் செய்தவர் இஸ்மாயில் அல்-ஜஸரி. இன்றைய துருக்கியின் தியார்பக்கிர் நகரில், அர்துக் வம்ச ஆட்சியாளர்களிடம் கால் நூற்றாண்டுக் காலம் பொறியியலாளராகப் பணிபுரிந்தவர். 1206 இல் அவர் எழுதி முடித்த நூலில் 50 பொறிகளின் அமைப்பு இருக்கிறது. தண்ணீர் இறைக்கும் இயந்திரங்கள், கடிகாரங்கள், வுழூச் செய்யத் தண்ணீர் ஊற்றும் பொம்மைகள் எல்லாம் அதில் உண்டு. படகு மட்டும் எதற்குச் செய்யப்பட்டது தெரியுமா? மன்னரின் மது விருந்தில், தடாகத்தில் மிதந்து விருந்தினரை மகிழ்விப்பதற்கு. இதை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பகிர்வது வரலாறு ஆகாது. அந்தக் காலத்து அரண்மனைகள் அப்படித்தான் இருந்தன. அதனால் அல்-ஜஸரியின் மூளைக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

"முதல்" என்ற சொல்லிலும் பிரச்சினை இருக்கிறது. பொம்மைகளின் தாளத்தை முளைகளை இடம்மாற்றி மாற்றியிருக்கலாம் என்று சொன்னவர் இங்கிலாந்தின் ஷெபீல்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் நோயல் ஷார்க்கி. அவர் அதை மாதிரியாகச் செய்தும் காட்டினார். அதே ஷார்க்கிதான் அலெக்சாந்திரியாவின் ஹீரோன் என்ற கிரேக்கப் பொறியியலாளரையும் எடுத்துக்காட்டினார். அச்சில் முளைகள் வைத்து, அவற்றில் கயிற்றைச் சுற்றி, சுற்றிய விதத்துக்கேற்பத் தானாக முன்னும் பின்னும் ஓடும் வண்டியை ஹீரோன் கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே விவரித்திருக்கிறார். ஆகவே "முதல் முதல்" என்று சண்டை பிடிப்பதை விட்டுவிட்டு, முளை என்ற அந்தச் சின்னப் பொருளைப் பார்ப்போம். முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது.

ஓர் உருளையை நினைத்துக்கொள்ளுங்கள். ரொட்டி தட்டையாக்கும் கட்டையைப் போன்றது. அதன் மேற்பரப்பில் அங்கங்கே சிறு முளைகள் அடித்திருக்கிறது. உருளை மெதுவாகச் சுழல்கிறது. பக்கத்தில் வரிசையாக நெம்புகோல்கள். ஒரு முளை வந்து நெம்புகோலை முட்டும்போது அது எழும்பும், முளை கடந்துபோனதும் விழும். அந்த நெம்புகோலின் மறுமுனையில் பொம்மையின் கை இருந்தால் மேளம் தட்டும். குழலின் துளையை மூடும் மூடி இருந்தால் ஒரு சுரம் பிறக்கும். முளை இருந்தால் ஒலி, இல்லாவிட்டால் மௌனம். இராகம் வாத்தியத்துக்குள்ளும் இல்லை, வாசிப்பவரின் விரலிலும் இல்லை. அது முளைகளின் இடத்தில் இருக்கிறது. இன்று இசைக்கலைஞர்கள் சீக்குவென்சர் என்று சொல்லும் கருவி இதுதான். எந்த ஒலி, எந்தக் கணத்தில் என்பதை வரிசையாக நினைவில் வைத்து, திரும்பத் திரும்ப ஓட்டுவது.

இதை எழுத்தில் விரிவாக விட்டுச்சென்றவர்கள் அல்-ஜஸரிக்கு மூன்றரை நூற்றாண்டுகள் முந்தியவர்கள். பக்தாதின் பனூ மூஸா சகோதரர்கள். முஹம்மத், அஹ்மத், அல்-ஹஸன் என்று மூவர். தந்தை மூஸா இப்னு ஷாகிர் இளமையில் குராஸான் பாதைகளில் கொள்ளையடித்தவர் என்றும் பின்னர் வானியலாளராக மாறியவர் என்றும் பழைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அவர் இறந்தபின் பிள்ளைகளின் பொறுப்பைக் கலீபா மஃமூன் ஏற்றுக்கொண்டார். யதீம் பிள்ளைகளாகப் பைத்துல் ஹிக்மாவுக்குள் நுழைந்தவர்கள் கேத்திர கணிதத்திலும் வானியலிலும் பொறியியலிலும் அந்தக் காலத்தின் பெரும் பெயர்களாக வெளியே வந்தார்கள். கிரேக்க நூல்களைத் தேடி வாங்கவும் மொழிபெயர்க்கவும் சொந்தப் பணத்தைக் கொட்டியவர்கள். மலக்குகள் என்று நினைத்துவிட வேண்டாம். அறிஞர் அல்-கிந்தியோடு பகை வளர்த்து, அவரது நூலகத்தையே கைப்பற்றிக்கொண்டார்கள் என்ற வழக்கும் அவர்கள் மேல் உண்டு.

850ஆம் ஆண்டளவில் அவர்கள் எழுதிய கிதாபுல் ஹியல் என்ற நூல் பலருக்குத் தெரியும். சுமார் 100 பொறிகள் அதில் இருக்கின்றன. நமது விஷயம் அந்த நூலில் இல்லை, தனியான சிறு ஏடொன்றில் இருக்கிறது. "தானாக ஊதும் கருவி" என்பது அதன் தலைப்பின் பொருள். அச்சுக்கு வந்தது மிகப் பிந்தித்தான். பெய்ரூத்திலிருந்த கைப்பிரதியைப் பார்த்து லூயிஸ் ஷெய்கோ என்ற பாதிரியார் 1906 இல் அல்-மஷ்ரிக் சஞ்சிகையில் வெளியிட்டார். பிறகு ஹென்றி ஜோர்ஜ் ஃபார்மர் 1931 இல் ஆங்கிலத்தில் கொடுத்தார். நாம் பெருமையடிக்கும் ஏட்டைப் பாதுகாத்து அச்சேற்றியவர்கள் கிறிஸ்தவப் பாதிரிகளும் மேற்கத்திய ஆய்வாளர் ஒருவரும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

கருவி இயங்கும் விதம் இதுதான். தண்ணீர் ஒரு தொட்டியை நிரப்பும்போது உள்ளிருக்கும் காற்று நெருக்கப்பட்டுக் குழலுக்குள் போகும். காற்று அறுந்துபோகாமல் இருக்க ஒரு தொட்டி வெறுமையாகும் வேளையில் மற்றது நிரம்பும். குழலின் துளைகளுக்கு விரல்களுக்குப் பதிலாக மூடிகள். மூடிகளைத் தூக்குவது நெம்புகோல்கள். நெம்புகோல்களை முட்டுவது நீர்ச்சக்கரம் சுழற்றும் உருளையின் முளைகள். இவ்வளவும் ஒரு பக்கம். எங்களை மலைக்கவைத்தது வேறு பகுதி. முளைகளை எங்கே அடிப்பது என்பதைக் கண்டுபிடிக்க அவர்கள் ஒரு வழி சொல்கிறார்கள். உருளையில் மெழுகைப் பூசுங்கள். தேர்ந்த குழல் கலைஞர் ஒருவரை வாசிக்க வையுங்கள். அவரது விரல் எழும்பி விழுவது சுழலும் மெழுகில் கோடாகப் பதியட்டும். பிறகு அந்தக் கோடுகள் இருக்கும் இடங்களில் முளைகளை அடியுங்கள். 1200 வருடங்களுக்கு முன்னர், ஒரு மனிதரின் வாசிப்பைப் பதிவுசெய்து இயந்திரத்துக்குக் கொடுக்கும் யோசனை!

இந்த இடத்தில் சிலர் கருத்துப் பெட்டியில் கேட்கப் போகும் கேள்வி எங்களுக்குத் தெரியும். இசை ஆகுமா ஆகாதா? அதை உலமாக்களிடம் கேளுங்கள், அது எங்கள் பாடமல்ல. நாங்கள் பிள்ளைகளுக்குக் கற்பித்தது எண்ணி, கடிகாரம், வால்வு ஆகிய மூன்றும். இதே சுற்றில் ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு மின்குமிழைப் பொருத்தினால் வீதிச் சந்தியின் சமிக்ஞை விளக்கு. மோட்டாரைப் பொருத்தினால் வயலுக்கு முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சும் கருவி.

முளை உருளை பிறகு ஐரோப்பாவில் நிறைய வேலை செய்தது. 14ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு பெல்ஜியம், நெதர்லாந்துப் பக்கத்து மணிக்கூண்டுகளில் பெரிய உருளைகள் மணிகளை அடித்தன. 1796 இல் ஜெனீவாவின் கடிகாரக்காரர் அந்துவான் ஃபாவ்ர் அதைச் சட்டைப்பைக்குள் போகும் அளவுக்குச் சுருக்கினார். சாவி கொடுத்தால் பாடும் சின்னப் பெட்டியை நீங்கள் கண்டிருப்பீர்கள், அதன் ஆரம்பம் அங்கேதான். பக்தாதிலிருந்து ஜெனீவாவுக்கு நேர்கோடு கீறுவது நமக்கு ஆசையாக இருக்கலாம். அப்படிக் கீற எங்கள் கை வரவில்லை. நல்ல யோசனைகள் பல இடங்களில் பல தடவை பிறக்கும்.

நிச்சயமாகக் காட்டக்கூடிய கோடு வேறொன்று இருக்கிறது, அது நெசவுக்குப் போகிறது. பிரான்ஸின் லியோன் நகரில் பசீல் பூஷோன் என்பவர் 1725 இல் துளையிட்ட கடதாசியால் தறியின் நூல்களைத் தெரிவுசெய்யும் முறையைச் செய்தார். அவரது தந்தை ஓர்கன் வாத்தியம் செய்பவர். உருளையில் முளை அடிப்பதற்கு முன் கடதாசியில் இடங்களைக் குறிக்கும் பழக்கம் அந்தத் தொழிலில் இருந்தது. மகன் முளையை விட்டுவிட்டுக் கடதாசியையே வைத்துக்கொண்டார். அது பின்னர் அட்டைகளாகி, 1804 இல் ஜக்கார்டின் தறியில் முழுமை பெற்றது. அந்த அட்டைகள்தான் பின்னர் கணினிக்குள் போயின. மருதமுனையிலும் காத்தான்குடியிலும் தறியோடு வளர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நாங்கள் மிகைப்படுத்திச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மின்சாரம் வந்தபின் கதை வேகமாக ஓடுகிறது. 1960களின் ஆரம்பத்தில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் மோர்டன் சுபோட்னிக், ரமோன் செண்டர் ஆகிய இருவரும் ஒலிநாடாவை பிளேடால் வெட்டி வெட்டி ஒட்டி இசை செய்துகொண்டிருந்தார்கள். ஒரு நிமிட இசைக்கு நாட்கணக்கில் வெட்ட வேண்டும். இந்த வெட்டுவேலையை ஒழிக்க ஒரு கருவி செய்துதரும்படி டொன் பூக்லா என்ற பொறியியலாளரைக் கேட்டார்கள். அவர் கொடுத்த பெட்டியில் வரிசையாகத் திருகிகள் இருந்தன. ஒவ்வொரு திருகியும் ஒரு வோல்ற்றளவு, ஒவ்வொரு வோல்ற்றளவும் ஒரு சுரம். மின்துடிப்பு வரும்போது பெட்டி ஒரு திருகியிலிருந்து அடுத்ததற்குத் தாவும். ரொபேர்ட் மூக்கின் 960 என்ற பெட்டியில் எட்டுத் திருகிகள் கொண்ட மூன்று வரிசைகள். அந்தத் திருகிகள்தான் மின்சார யுகத்தின் முளைகள். விலையோ வீட்டு விலை. அந்தப் பெட்டிகளை வாங்கியவர்கள் பல்கலைக்கழகங்களும் பெரிய ஸ்டூடியோக்களும்தான்.

ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷி இந்தக் கதையின் இன்னொரு யதீம். இரண்டு வயதில் பெற்றோரை இழந்தவர். 16 வயதில் கடிகாரம் திருத்தும் கடை போட்டார். பிறகு ரேடியோ திருத்தினார், 1972 இல் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். 1980 இல் அந்த நிறுவனம் வெளியிட்ட டிஆர்-808 இல் 16 பொத்தான்கள் வரிசையாக இருந்தன. பொத்தானை அமர்த்தினால் அந்த இடத்தில் அடி விழும், அமர்த்தாவிட்டால் மௌனம். பனூ மூஸாவின் உருளையை வெட்டி நீட்டி மேசையில் படுக்க வைத்தால் எப்படி இருக்கும், அதேதான். சந்தையில் தோற்று 1983 இல் உற்பத்தி நின்றது, சுமார் 12,000 கருவிகள்தான் செய்யப்பட்டன. பழையதாகி அடகுக் கடைகளில் மலிவாக விற்கப்பட்டபோதுதான் கறுப்பின இளைஞர்கள் அதை வாங்கி, உலக இசையின் தாளத்தையே மாற்றினார்கள். ககேஹாஷியைப் பற்றிச் சொன்னதும் ஒரு பிள்ளை எழும்பி, "சேர், கடிகாரம் திருத்துறவங்கதான் எல்லாத்தையும் செய்திருக்காங்க" என்றான். அல்-ஜஸரி, ஃபாவ்ர், ககேஹாஷி. அவன் எண்ணியது சரிதான்.

இனி இரண்டு ஐசிகளுக்கு வருவோம்.

முதலாவது 555. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் காமென்சிண்ட் 1971 இல் வடிவமைத்தது. நிறுவன வேலையை விட்டுவிட்டு ஒப்பந்தத்தில் தனியாளாகச் செய்தார். அதன் உள்வரைபடத்தைப் பிளாஸ்டிக் படலத்தில் கத்தியால் கையாலேயே வெட்டினார். முதல் வடிவத்துக்கு ஒன்பது கால்கள் தேவைப்பட்டன. யோசித்து ஒரு காலைக் குறைத்ததால் மலிவான எட்டுக்கால் உறைக்குள் அடங்கியது. அந்த ஒரு கால் குறைந்ததால்தான் இன்று புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அதைச் சில்லறைக்கு வாங்குகிறோம். அதன் வேலை துடிப்பது. ஒரு கொள்ளளவி தடையி வழியாக மெதுவாக நிரம்பும், ஓர் அளவுக்கு வந்ததும் 555 அதை வடித்துவிடும், மறுபடி நிரம்பும். நீர்த்தொட்டி நிரம்பிக் கவிழும் அதே சங்கதி. தடையியின் பெறுமானத்தை மாற்றினால் வேகம் மாறும்.

இரண்டாவது 4017. ஆர்சிஏ நிறுவனம் 1968 இல் தொடங்கிய 4000 தொடர் ஐசிகளில் ஒன்று, 16 கால்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் தனது பத்து வெளியீடுகளில் அடுத்த ஒன்றை மட்டும் உயர்த்தும், மற்ற ஒன்பதும் தாழ்ந்திருக்கும். பத்து முடிந்தால் மீண்டும் ஒன்று. சுழலும் உருளை இதுதான். பனூ மூஸாவின் நீர்ச்சக்கரம் 555, உருளை 4017. இரண்டும் சேர்ந்தாலும் ஒரு கொத்துரொட்டியின் விலைக்கு வராது. மூக்கின் பெட்டி செய்ததை, எளிய அளவில், இவை செய்துவிடும். 1970களில் ஆயிரக்கணக்கான வீட்டு மேசைகளில் இது நடந்தது. ஃபொரஸ்ட் மிம்ஸ் என்பவர் சதுரக் கோட்டுத் தாளில் கையெழுத்தாலேயே எழுதி வரைந்த கைநூல்கள், கணக்குத் தெரியாதவரையும் சுற்றுக் கட்ட வைத்தன. பள்ளிக் கொப்பியைப் போலவே இருக்கும் அந்தப் பக்கங்களைப் பார்த்ததும் எங்கள் பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போனது.

நாங்கள் கட்டிய ஒழுங்கைச் சொல்கிறோம், உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் செய்யலாம். 9 வோல்ற்று மின்கலம், ஒரு பிரெட்போட், இரண்டு 555, ஒரு 4017. முதல் 555 துடிப்புக்கு. அதன் 8ஆம் காலுக்கும் 7ஆம் காலுக்கும் நடுவே 10 கிலோ ஓம் தடையி. 7க்கும் 6க்கும் நடுவே இன்னொரு 10 கிலோ ஓமும் அதனுடன் தொடராக 100 கிலோ ஓம் மாறும் தடையியும். 6ஐயும் 2ஐயும் இணைத்து, அங்கிருந்து தரைக்கு 4.7 மைக்ரோ பரட் கொள்ளளவி. 4ஆம் கால் நேர் முனைக்கு. திருகியைத் திருப்பினால் செக்கனுக்கு ஏறத்தாழ ஒன்றிலிருந்து பத்துத் துடிப்பு வரை கிடைக்கும். அதன் 3ஆம் கால் 4017 இன் 14ஆம் காலுக்குப் போகிறது. எட்டுப் படி வேண்டுமானால் 4017 இன் 9ஆம் காலை 15ஆம் காலோடு இணையுங்கள். ஒன்பதாவது வெளியீடு உயர்ந்த கணமே எண்ணி தொடக்கத்துக்குத் திரும்பிவிடும்.

ஒவ்வொரு வெளியீட்டிலிருந்தும் ஓர் ஆளி, ஓர் இருவாயி, ஒரு 100 கிலோ ஓம் மாறும் தடையி, அதனுடன் பாதுகாப்புக்கு ஒரு 10 கிலோ ஓம். எட்டு வரிசைகளும் ஒன்றாகச் சேர்ந்து இரண்டாவது 555 இன் 7ஆம் காலில் முடிகின்றன. அங்கிருந்து 6க்கு 10 கிலோ ஓம். 6உம் 2உம் ஒன்றாக, 0.1 மைக்ரோ பரட் கொள்ளளவியுடன் தரைக்கு. இந்த 555 செக்கனுக்கு நூற்றுக்கணக்கில் துடிப்பதால் ஒலியாகக் கேட்கிறது. எந்த வரிசை உயர்ந்திருக்கிறதோ அதன் தடையிதான் சுரத்தைத் தீர்மானிக்கும். ஆளியைத் திறந்துவிட்டால் கொள்ளளவிக்கு மின் வராது, அந்தப் படி மௌனம். முளை பிடுங்கிய இடம்.

இருவாயி எதற்கு என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்டார்கள். உயர்ந்திருக்கும் ஒரு வெளியீட்டின் மின் தாழ்ந்திருக்கும் மற்ற ஏழுக்குள்ளும் ஒழுகிப் போகாமல் தடுப்பதற்கு. ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு. பனூ மூஸாவின் ஹியல் நூலில் கூம்பு வடிவ வால்வு ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது, தண்ணீருக்கு இதே வேலையைச் செய்வது. அந்த ஏட்டுப் படத்தைக் கரும்பலகையில் கீறி, பக்கத்தில் இருவாயியின் குறியீட்டைக் கீறியபோது வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. கூம்பும் ஒரு தடுப்பும். இரண்டும் ஒரே மாதிரி.

வேலை சுலபமாக முடியவில்லை. 4017 இன் வெளியீடுகள் கால் இலக்க ஒழுங்கில் வருவதில்லை. முதல் படி 3ஆம் காலில், இரண்டாவது 2இல், பிறகு 4, 7, 10, 1, 5, 6. இதைக் கவனிக்காத ஒரு குழுவின் விளக்குகள் தவளை மாதிரி பாய்ந்தன. இன்னொரு குழுவின் சுற்று தானாக நின்றது, கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஓடியது, கையை எடுத்தால் நின்றது. ஒருவன் ஜின் என்றே முடிவுகட்டிவிட்டான். 13ஆம் கால் எங்கும் இணைக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த வகை ஐசியில் உள்ளீட்டுக் காலை அந்தரத்தில் விட்டால் அது காற்றிலிருக்கும் மின்னைக் கேட்டு ஆடும். தரையில் இணைத்ததும் ஜின் போய்விட்டது. அந்தப் பிள்ளை இனி எந்தக் கருவி மக்கர் பண்ணினாலும் முதலில் தொங்கும் காலைத்தான் தேடுவான். அல்-ஜஸரி தன் நூலின் தொடக்கத்தில், முன்னோர் எழுதிய சிலவற்றை அவர்களே செய்து சரிபார்க்கவில்லை என்று குறைப்பட்டு, செய்து நிரூபிக்காத தொழிலறிவு மெய்யா பொய்யா என்று சொல்ல முடியாத நிலையில்தான் இருக்கும் என்ற கருத்தை எழுதுகிறார். படகுப் படத்தோடு அந்தக் கருத்தை யாரும் பகிர்வதில்லை.

எட்டுப் படியும் ஓடியதும், என்ன தாளம் போடலாம் என்ற பேச்சு வந்தது. நோன்பு காலத்தில் சஹருக்கு எழுப்ப வரும் பாவாவின் றபான் அடியைப் போடுவோம் என்றார்கள். சுரத் திருகிகளை எல்லாம் கீழே இறக்கி, அடி விழும் இடங்களில் மட்டும் ஆளியைப் போட்டுப் பார்த்தார்கள். எட்டில் அடங்கவில்லை. மீட்டமைக்கும் கம்பியை 9ஆம் காலிலிருந்து 5ஆம் காலுக்கு மாற்றி ஆறு படியாக்கினார்கள். இப்போது எண்ணிக்கை சரி. ஆனாலும் ஏதோ சரியில்லை. றபான் அடித்துப் பழகிய முதியவர் ஒருவரைக் கூட்டிவந்து கேட்கவைத்தோம். காதை ஒலிபெருக்கியோடு வைத்துக் கேட்டுவிட்டு, "மகன், இது நடக்குது, மூச்சு உடுதில்ல" என்றார்.

அவர் சொன்னது நுணுக்கமான விஷயம். 4017 இன் படிகள் எல்லாம் ஒரே நீளம். மனிதக் கை அப்படி அடிப்பதில்லை. ஓர் அடியைச் சற்று இழுக்கும், அடுத்ததைச் சற்றுப் பிந்திப் போடும். இந்தக் குறையை அமெரிக்காவில் ரொஜர் லின் என்ற வாத்தியப் பொறியியலாளரும் சந்தித்தார். 1980 இல் அவர் வெளியிட்ட எல்எம்-1 தாளக் கருவியில், ஒன்றுவிட்ட அடிகளைச் சற்றுத் தாமதிக்கும் வசதியை வைத்தார். ஸ்விங் என்று பெயர். அதன் பிறகு வந்த பல கருவிகள் அதைப் பின்பற்றின. பனூ மூஸாவின் மெழுகு உருளைக்கு இந்தத் தொல்லையே இல்லை என்பதைக் கவனியுங்கள். மெழுகில் விரல் எங்கே எழும்பியதோ அங்கேதான் முளை. கலைஞர் இழுத்திருந்தால் முளையும் இழுபடும். சமமான படிகளாக வெட்டியது நாம் பின்னர் செய்த சிக்கனம்.

எங்கள் சுற்றுக்கும் ஒரு வைத்தியம் கிடைத்தது. துடிப்புத் தரும் 555 இன் 5ஆம் காலில் வோல்ற்றளவு கூடினால் கொள்ளளவி இன்னும் கொஞ்சம் மேலே நிரம்ப வேண்டியிருக்கும், ஆகவே அந்தத் துடிப்பு நீளும். முதலாம், மூன்றாம், ஐந்தாம் படிகளிலிருந்து மட்டும் ஒவ்வோர் இருவாயி எடுத்து, சேர்த்து, 10 கிலோ ஓம் தடையி வழியாக அந்தக் காலில் கொடுத்தோம். ஒரு படி சற்று நீளம், அடுத்தது சாதாரணம். தாளம் தளர்ந்து ஆடத் தொடங்கியது. முதியவர் இரண்டாம் தடவை வந்தபோது விரலால் மேசையில் கூடவே தட்டினார். "இன்னும் வரல்ல, ஆனா வருது" என்றார். 10 கிலோ ஓமுக்குப் பதில் ஒரு மாறும் தடையியைப் போட்டு அவரே திருப்பிப் பார்க்கட்டும் என்று பிள்ளைகள் முடிவுசெய்திருக்கிறார்கள்.

சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்தும் தடையியின் நிறக்கோட்டை வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் நம்மூரில் நிறைய. புத்தகத்தில் படம் இருக்கிறது, அலுமாரியில் பொருள் இருக்கிறது, அலுமாரிக்குப் பூட்டு இருக்கிறது. உடைந்துவிடும் என்ற பயம். எங்கள் வேலையில் இதுவரை இரண்டு 555உம் ஒரு மின்கலமும் செத்தன. அவ்வளவுதான் நட்டம்.

அடுத்த கட்டமாக, பிரெட்போட்டிலிருந்து எடுத்து அட்டையில் ஈயம் பற்றவைத்து ஒரு பெட்டிக்குள் பொருத்தப் போகிறார்கள். மரவேலை தெரிந்த ஒரு வாப்பா பெட்டி செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். மாறும் தடையிகள்தான் செலவு கூடிய சாமான். ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகளில் பழுதடைந்த ரேடியோ, கசட் பிளேயர், அம்பிளிபயர் ஏதும் கிடந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போடாதீர்கள். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகிகளும் ஒலிபெருக்கியும் எங்களுக்குப் போதும், மிச்சத்தைத் திருப்பித் தந்துவிடுவோம். பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பலாம், அல்லது பாடசாலை நாட்களில் லுஹருக்குப் பிறகு ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவரலாம். சுற்று வரைபடத்தை ஒரு மாணவி அழகாகக் கையால் கீறியிருக்கிறார், கீழே முதல் கருத்தில் போடுகிறோம். 13ஆம் காலைத் தரையில் இணைக்க அதில் சிவப்பால் அடிக்கோடு இட்டிருக்கிறார்.